கெபினும் காம்பராவும்

நம் கல்லூரிப் பழைய மாணவர் சங்கத்தார், விழா மலருக்குத் தமிழ் பற்றி ஒரு கட்டுரை வரைந்து தருமாறு என்னைப் பணித்தபோது, சங்க இலக்கியத்தில் குறிஞ்சி நிலம் என்பது போன்றதொரு பொருளையே முதலில் எண்ணினேன். மலைநாட்டில் தமிழ் கற்பிக்கும் ஆசிரியன் ஒருவனுக்கு அஃது இயல்பான எண்ணமே. ஆயினும், இராகலையில் என் வகுப்பறையில் நிகழ்ந்த ஒரு சிறு நிகழ்ச்சி என் எண்ணத்தை மாற்றியது. அதனையே முதற்கண் கூறிவிடுகின்றேன்.

ஏழாந் தர மாணவருக்கு "எனது வீடு" என்னுந் தலைப்பிற் கட்டுரை எழுதப் பணித்திருந்தேன். ஒரு மாணவன், தன் தந்தையார் மரக்கறி ஏற்றிச் செல்லும் லொறியில் உதவியாளர் என்றும், வாரத்திற் பல இரவுகள் அவர் "லொறியின் கெபினிலேயே" உறங்குவர் என்றும் எழுதியிருந்தான். அவ்விடத்தை என் பேனை தாண்டிச் சென்றது. அடுத்த கொப்பியில் ஒரு மாணவி, "எங்கள் காம்பராவில் நாங்கள் ஆறு பேர் இருக்கின்றோம்" என்று எழுதியிருந்தாள். "காம்பரா" என்னுஞ் சொல்லைச் சிவப்பு மையாற் கோடிட்டு, அதன் மேல் "அறை" என்று திருத்தினேன். கொப்பியைத் திருப்பிக் கொடுத்தபோது அவள் எழுந்து நின்று, "சேர், அறைன்னா வீட்டுக்குள்ள இருக்கிறதுதானே? எங்களுக்கு வீடே அது ஒண்ணுதான். அப்ப அத எப்படி சேர் எழுதுறது?" என்று வினவினாள்.

எனக்கு விடை தோன்றவில்லை. "நாளை சொல்கின்றேன்" என்று கூறி அமர்ந்தேன். பின்னர்தான் மற்றொன்று உறைத்தது. கெபினும் பிற மொழிச் சொல். காம்பராவும் பிற மொழிச் சொல். ஒன்றை ஒன்றுஞ் சொல்லாது விடுத்த யான், மற்றதனை ஏன் கோடிட்டேன்? ஆங்கிலத்திலிருந்து வந்தது மதிப்புடையது என்றும், லயத்திலிருந்து வந்தது இழிந்தது என்றும் என் பேனைக்குக் கற்பித்தவர் யாவர்? இக்கட்டுரை அந்த வினாவுக்கு விடை தேடும் முயற்சியாகும். இரு சொற்களின் வரலாற்றையும் ஒன்றன்பின் ஒன்றாக நோக்குவோம்.

கெபின் என்னுஞ் சொல்

கெபின் என்பதன் மூலம் பிற்கால இலத்தீன் மொழியிலுள்ள "கபன்னா" என்பதாகும். அதன் பொருள் குடிசை. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்பானிய நாட்டிற் சொற்பிறப்பு நூலொன்று இயற்றிய செவில் நகர் இசிதோர் என்னும் அறிஞர், நாட்டுப்புற உழவர் தம் சிறு குடிசையை இவ்வாறு அழைப்பர் என்றும், ஒருவரை மட்டுமே அது கொள்ளுமாதலால் அப்பெயர் பெற்றது என்றும் விளக்கினார். அவர் கூறிய சொற்பிறப்பு முறையை இக்கால மொழியியலார் ஏற்பதில்லை. எனினும், ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன்னரே இச்சொல்லைக் கேட்டோர் மனத்தில் எழுந்த படிமம் யாது என்பதை அது நமக்கு உணர்த்துகின்றது: ஒருவர் படுத்தால் நிறைந்துவிடும் இடம்.

இச்சொல் பிரெஞ்சு மொழி வழியாக ஆங்கிலத்தை அடைந்தது. அங்கே அது மூன்று கிளையாகப் பிரிந்தது எனலாம்.

முதற் கிளை, எளியோர் குடிசை. அமெரிக்காவிற் குடியேறியோர் மரக்குற்றிகளை அடுக்கிக் கட்டிய வீடு இப்பெயர் பெற்றது. 1809ஆம் ஆண்டு கென்ரக்கி மாநிலத்தில் ஆபிரகாம் லிங்கன் பிறந்தது இத்தகைய குடிசை ஒன்றிலேயே. அவர் பின்னாளிற் குடியரசுத் தலைவரானமையால், அந்நாட்டிற் கெபினிற் பிறந்தவர் என்பது பெருமைக்குரிய தொடராயிற்று. அதே நாட்டிற் பருத்தித் தோட்டங்களில் அடிமைகள் வாழ்ந்த குடிசைகளும் கெபின் என்றே அழைக்கப்பட்டன. 1852ஆம் ஆண்டு ஹரியற் பீச்சர் ஸ்ரோ அம்மையார் வெளியிட்ட நாவலுக்கு "ரொம் மாமாவின் குடிசை" என்று பெயர். மூலத்தில் அக்குடிசை கெபின் என்றே குறிக்கப்படுகின்றது. ஆகவே ஒரே சொல், ஒரே நாட்டில், ஒருவனுக்குப் பெருமையையும் மற்றொருவனுக்குச் சிறுமையையும் சுட்டியது. குடிசை ஒன்றே. அதனை விட்டு வெளியேறும் உரிமை ஒருவனுக்கு இருந்தது, மற்றவனுக்கு இருந்ததில்லை. இவ்வேறுபாட்டை வாசகர் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

இரண்டாங் கிளை, ஊர்தியினுள் அமைந்த சிற்றறை. கப்பலிற் பயணிகள் துயிலும் அறை கெபின். விமானத்திற் பயணிகள் அமரும் பகுதி கெபின். லொறியிற் சாரதி அமரும் முற்பகுதியும் கெபின். புகையிரத நிலையங்களிற் கைகாட்டி மரங்களையும் தண்டவாளப் பிரிவுகளையும் இயக்கும் நெம்புகோல்கள் அமைந்த உயர்ந்த சிறு கட்டடமும் அப்பெயரே பெறும். இராகலையார்க்குப் புகையிரதம் புதியதன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலை வரை இரண்டரை அடி அகலமுள்ள குறுகிய பாதையிற் புகைவண்டி ஓடியது. 1940களில் அப்பாதை மூடப்பட்டது. இன்று பேருந்திற் செல்லும் மாணவர்க்கு இஃதொரு கதைபோல் தோன்றும்.

மூன்றாங் கிளை, தனிமைக்கும் மறைவுக்கும் உரிய சிற்றறை. வங்கியிலும் பணிமனையிலும் கண்ணாடித் தடுப்புக்குள் முகாமையாளர் அமரும் இடம் கெபின். மருத்துவர் நோயாளரைத் தனியே பார்க்கும் இடமுங் கெபின். கல்கத்தாவிலுங் கொழும்பிலும் உணவுச்சாலைகள் சிலவற்றின் பெயரிலும் இச்சொல் உண்டு. காலி வீதியிலுள்ள கிறீன் கெபினைக் கொழும்பு சென்ற பழைய மாணவர் பலரும் அறிவர். இக்கிளையிலேயே "கபினெற்" என்னுஞ் சொல்லும் தோன்றியது. சிறு தனியறை என்பது அதன் முதற் பொருள். அரசன் தன் நெருங்கிய ஆலோசகரோடு அத்தகைய அறையில் இருந்து பேசியமையால், அவ்வறையின் பெயரே அங்குக் கூடினோர்க்கும் ஆகி, இன்று அமைச்சரவையைக் குறிக்கின்றது. நம் இலக்கணத்தில் இதனை இடவாகுபெயர் என்போம்.

ஆக, உழவனின் குடிசையாய்ப் பிறந்த சொல், அடிமையின் குடிசையிலும் தங்கி, கப்பலேறி, இறுதியில் அமைச்சர் அவைக்குஞ் சென்றுவிட்டது. சொற்களுக்குச் சாதியில்லை என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

காம்பரா என்னுஞ் சொல்

இனிக் காம்பராவின் வரலாற்றை நோக்குவோம். என் சிவப்பு மையினால் இழிவு செய்யப்பட்ட இச்சொல்லின் குடிப்பிறப்பு, கெபினினும் பழைமையானது.

கிரேக்க மொழியில் "கமாரா" என்பது வளைந்த கூரையைக் குறித்தது. இலத்தீன் அதனை "கமெரா" என ஏற்று, வளைகூரையுடைய அறைக்குப் பெயராக்கியது. அதிலிருந்து போர்த்துக்கேய மொழியில் "காமரா" தோன்றியது. 1505ஆம் ஆண்டு இலங்கைக் கரையை அடைந்த போர்த்துக்கேயர், 1658ஆம் ஆண்டு ஒல்லாந்தரால் முற்றாக வெளியேற்றப்படும் வரை, ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு இங்கே நிலைத்திருந்தனர். அவர்கள் சென்றுவிட்டனர், அவர்களுடைய சொற்கள் நம் வீடுகளைவிட்டுச் செல்லவில்லை. சன்னல், சாவி, மேசை, கதிரை, வாங்கு, அலுமாரி, விறாந்தை, குசினி ஆகிய யாவும் அவர்கள் வழியே வந்தன. வீட்டைத் திறக்குஞ் சாவி முதல் சமைக்குங் குசினி வரை அந்நியச் சொற்களாயிருக்க, காம்பராவை மட்டும் வாசலில் நிறுத்திவைப்பது நீதியாகுமா?

போர்த்துக்கேயரின் இச்சொல் சிங்களத்திற் "காமரய" என்றும், இந்தியில் "கம்ரா" என்றும் வழங்குகின்றது. தமிழகத்தில் தஞ்சைப் பகுதிப் பழைய வீடுகளிற் "காமரா உள்" என்று ஓர் அறைக்குப் பெயர் இருந்தது. மலைநாட்டில் அது "காம்பரா" ஆயிற்று. இடையிலே பகரம் எவ்வாறு நுழைந்தது? மகரத்தை உச்சரிக்க இதழ்கள் குவிந்து மூடும். அடுத்து ரகரத்திற்கு அவை திறக்கும்போது, இடையிற் பகர ஒலி தானே பிறக்கும். காமரா என்பது விரைந்த பேச்சிற் காம்ரா என ஒலிக்குமிடத்துப் பகரம் தோன்றிக் காம்பரா ஆயிற்று எனக் கொள்ளுதல் பொருந்தும். இது படிப்பறிவில்லாதார் செய்த பிழை என்று நகைப்பார் உளராயின், அவர்க்கு ஒன்று கூறுவேன். அதே இலத்தீன் சொல் பிரெஞ்சு மொழிக்குச் சென்றபோது, அங்கும் மகரத்துக்கும் ரகரத்துக்கும் இடையே இதே பகரம் தோன்றியது. ஆங்கிலேயர் மதிப்போடு வழங்கும் "சேம்பர்" என்னுஞ் சொல் அவ்வாறு பிறந்ததே. பாரிசில் நிகழ்ந்தால் மொழி வளர்ச்சி, இராகலையில் நிகழ்ந்தால் மொழிச் சிதைவு என்பது முறையன்று.

இக்குடும்பத்தைச் சேர்ந்த உடன்பிறப்புகள் இன்னும் இருவர் உளர். இருட்டறையின் சுவரில் ஒரு சிறு துளை வழியே ஒளி புகும்போது, வெளிக்காட்சி தலைகீழாக எதிர்ச்சுவரில் விழும். இவ்வமைப்பை 1604ஆம் ஆண்டு வானியல் அறிஞர் கெப்ளர் இலத்தீனில் "இருண்ட கமெரா" எனப் பொருள்படும் தொடராற் குறித்தார். பின்னர் இருட்டு நீங்கி, அறை மட்டும் எஞ்சி, இன்று நம் கையிலுள்ள படம்பிடிக்குங் கருவி "கமரா" எனப்படுகின்றது. சுற்றுலாவாக வருவோர் தோட்டத்து லயத்தின் முன் நின்று படம் எடுக்கும்போது, கமராவும் காம்பராவும் உடன்பிறந்தோர் ஒருவரையொருவர் அடையாளங் காணாது நோக்குவது போல் நோக்கி நிற்கின்றன.

மற்றவர் "கொம்ரேட்" என்பவர். ஸ்பானிய மொழியில் ஒரே அறையில் உடன் தங்கும் படைவீரனைக் குறித்த சொல், பிரெஞ்சு வழியாக ஆங்கிலம் புகுந்து தோழன் என்னும் பொருள் பெற்றது. சொல்லின் வழி நோக்கினால், ஒரு காம்பராவிற் கூடி வாழ்வோரே கொம்ரேடுகள். தொழிற்சங்கக் கூட்டங்களில் "தோழர்களே" என்னும் விளி எழுந்தபோது, அதற்கு உண்மையான உரிமையுடையோர் லயத்திலிருந்து வந்து அமர்ந்திருந்த நம் மக்களே என்று கூறலாம்.

பங்களா, குவாட்டஸ், காம்பரா

சொல்லின் பிறப்பைக் கூறினோம். அது வாழ்ந்த இடத்தைக் கூறாவிடிற் பொருள் விளங்காது.

தேயிலைத் தோட்டமொன்றில் மாந்தர் வாழும் இடங்களுக்கு மூன்று பெயர்கள் உண்டு. துரை வாழ்வது பங்களா. கிளாக்கர் முதலிய உத்தியோகத்தர் வாழ்வது குவாட்டஸ். தொழிலாளர் வாழ்வது லயத்துக் காம்பரா. பங்களா என்பது வங்காள நாட்டு முறையில் அமைந்த வீடு என்னும் பொருளது. குவாட்டஸ், படைவீரர்க்கு ஒதுக்கப்பட்ட தங்குமிடத்தைக் குறித்த ஆங்கிலச் சொல். லயம் என்பது வரிசை எனப் பொருள்படும் "லைன்" என்னும் ஆங்கிலச் சொல்லின் திரிபு. காவற்படையினரின் வரிசைக் குடியிருப்பையும் ஆங்கிலேயர் அவ்வாறே அழைத்தனர். ஒருவர் எங்கே வாழ்கின்றார் என்பதற்குக் கூறும் விடையிலேயே, அவர் தோட்டத்தில் எந்தப் படியில் நிற்கின்றார் என்பது வெளிப்பட்டுவிடும்.

லயம் என்பது குதிரை லாயம் என்பதிலிருந்து வந்ததென்று சிலர் கூறுவர். வேதனையின் வழியே பார்த்தால் அது பொருத்தமாய்த் தோன்றும். மொழி வழியே பார்த்தால் அன்று. லைன், லயன் என்றாகி, லயம் ஆயிற்று. மகரமும் னகரமும் சொல்லிறுதியில் ஒன்றன் இடத்தில் மற்றொன்று வருதல் தமிழுக்குப் புதிதன்று. நிலம் நிலன் என்றும், அகம் அகன் என்றும் வருதலைக் கடைப்போலி எனக் கற்பிக்கின்றோம். லயன் லயமானது அதன் மறுதலை. இசைவாணர்க்கு லயம் தாளத்தின் ஒழுங்கு. நம் மக்களுக்கோ அது கூரைகளின் ஒழுங்கு.

லயத்தின் அமைப்பைத் தோட்டம் அறியாத வாசகர் பொருட்டுக் கூறுகின்றேன். நீண்ட ஒரே கூரையின் கீழ், குறுக்குச் சுவர்களாற் பிரிக்கப்பட்ட அறைகள் வரிசையாய் அமைந்திருக்கும். சில லயங்களில் நடுச்சுவருக்கு இருபுறமும் அறைகள் முதுகோடு முதுகு சேர்ந்திருக்கும். ஓர் அறை பெரும்பாலும் பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவினது. முன்னே ஒடுங்கிய இஸ்தோப்பு. இஸ்தோப்பு என்பது ஒல்லாந்தர் விட்டுச்சென்ற சொல். ஆகவே, இஸ்தோப்பில் ஒல்லாந்தரும், காம்பராவிற் போர்த்துக்கேயரும், லயத்தில் ஆங்கிலேயரும் சொல்வடிவில் இன்றும் குடியிருக்கின்றனர். மூன்று ஆட்சியாளரின் சொற்களையும் கொள்ளுமளவுக்கு அச்சிறிய இடம் பெரிது. பாட்டன், பெற்றோர், பிள்ளைகள் என்று மூன்று தலைமுறையினரையும் கொள்ளுமளவுக்கு மட்டும் அது பெரிதாக இருந்ததில்லை.

நாள் வழக்கிற் காம்பராவுக்குப் பல பயன்கள் உள. லயத்தின் கடைசி அறை தொங்கல் காம்பரா. தாய்மார் கொழுந்து பறிக்கச் செல்லும்போது குழந்தைகளை விட்டுச் செல்லும் இடம் பிள்ளைக் காம்பரா. பிள்ளை மடுவம் என்பதும் அதுவே. ஊருக்குப் புதியவர் ஒருவர் வந்து விசாரித்தால், "மேட்டு லயத்துல மூணாவது காம்பரா" என்று விடை வரும். அதுவே முகவரி. வீதிப் பெயரோ வீட்டிலக்கமோ இல்லாமையால், பல தோட்டங்களிற் கடிதங்கள் தோட்ட அலுவலகத்துக்கு வந்து, அங்கிருந்து கைமாறியே உரியவரை அடைந்தன. வேலைக்கான நேர்முக அழைப்பு நாள் கடந்தபின் கையிற் கிடைத்த கதையை மலைநாட்டில் ஆசிரியராய் இருப்போர் கேளாதிருந்திரார். ஒரு சொல் முகவரியாக இயலாதபோது, ஒருவன் எதிர்காலமும் வழிதவறிப் போகின்றது.

தமிழ்ச் சொற்கள் கூறுவன

இப்பொழுது அம்மாணவியின் வினாவுக்கு மீள்வோம். காம்பராவை "அறை" என்று திருத்தியது சரியா?

அறை என்பதனை அறுத்தல் என்னும் வினையடியோடு இயைத்துக் காட்டுவர். பெரிய வீட்டை அறுத்துப் பகுத்த ஒரு கூறு அறை. எனவே அறைக்கு முன்னே வீடு ஒன்று இருத்தல் வேண்டும். வீடு இல்லாது அறை மட்டும் இருத்தல், உடல் இல்லாது கை மட்டும் இருத்தல் போன்றது. அம்மாணவி தமிழ் அகராதியைப் பார்த்து வினவவில்லை. தன் வாழ்வைப் பார்த்து வினவினாள். எனினும் அகராதி அவள் பக்கமே நிற்கின்றது.

அவ்வாறாயின் "வீடு" என்று திருத்தலாமா? வீடு என்பது விடு என்னும் அடியிற் பிறந்த முதனிலை திரிந்த தொழிற்பெயர். கெடு கேடு ஆதல் போலவும், சுடு சூடு ஆதல் போலவும், விடு வீடு ஆயிற்று. விடுபட்ட இடம், விடுதலை என்பன அதன் பொருள். அறம், பொருள், இன்பம், வீடு என்னும் உறுதிப்பொருள் நான்கில் இறுதியானது அதுவே. பகல் முழுதும் உழைத்தவன் உழைப்பினின்று விடுபட்டு வந்து தங்குமிடம் ஆதலின், இல்லமும் வீடெனப்பட்டது எனலாம். தோட்டத்துக்குரிய லயத்தில், வேலை உள்ளவரை தங்கலாம் என்னும் நிலையில் வாழ்ந்தவர்க்கு இச்சொல் எவ்வாறு பொருந்தும்? மடக்கும்புரத் தோட்டத்திற் பிறந்த ஸீ. வீ. வேலுப்பிள்ளை அவர்கள் தம் நாவலுக்கு "வீடற்றவன்" என்று பெயரிட்டபோது, இவ்விரு பொருளும் அச்சொல்லில் ஒருங்கே ஒலித்தன.

"குடி" என்னுஞ் சொல்லையும் நோக்குக. குடில், குடிசை என்பன அதனோடு உறவுடையன. குடியிருப்பு, குடும்பம், குடிமகன், குடியுரிமை ஆகிய யாவற்றிலும் அதுவே நிற்கின்றது. குடி உள்ளவனுக்கே குடியுரிமை என்பது நம் மொழி காட்டும் முறை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழருட் பெரும்பாலோர் அவ்வுரிமையை இழந்தனர். அதனைத் தொடர்ந்து வாக்குரிமையையும் இழந்தனர். 1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் கைச்சாத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென வகுத்தது. ஒரே லயத்தில், ஒரே சுவரின் இருபுறத்து வாழ்ந்தோர் இரு நாட்டினராயினர். எஞ்சியோரின் நிலை பின்வந்த சட்டங்களாற் படிப்படியே சீர்செய்யப்பட்டு, 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தோடு பெருமளவில் தீர்வு கண்டது. குடியுரிமை வந்துவிட்டது, குடி இன்னும் முழுமையாய் வரவில்லை.

இவ்விடத்திற் பழந்தமிழ்ச் சொல் ஒன்று என் நினைவுக்கு வந்தது. திருக்குறளில் நிலையாமை அதிகாரத்தின் இறுதிக் குறளில் துச்சில், புக்கில் என்னும் இரு சொற்கள் வருகின்றன. துச்சில் என்பது பிறர் இடத்தில் ஒதுங்கித் தங்கும் தற்காலிக ஒதுக்கிடம். புக்கில் என்பது புகுந்து நிலையாய் வாழும் உரிய இல்லம். உடம்பில் ஒதுங்கியிருக்கும் உயிருக்கு நிலையான இல்லம் இன்னும் அமையவில்லையோ என்னும் பொருளில் வள்ளுவர் இச்சொற்களை ஆண்டார். உயிரைப் பற்றி அவர் எழுப்பிய வினாவை, ஊரைப் பற்றியும் நாம் எழுப்பலாம் அன்றோ? கெபின் என்பதற்கு நேரான தமிழ்ச் சொல் கேட்பாருக்கு, யான் துச்சில் என்பதனையே எடுத்துக் காட்டுவேன். கப்பலிலும் லொறியிலும் ஒருவன் துச்சிலில் இருத்தல் தகும். ஏனெனிற் பயணம் முடிந்ததும் அவன் புக்கிலுக்கு மீள்வான். என் மாணவனின் தந்தையார் லொறியின் கெபினில் உறங்குவது சில இரவுகளே. ஆனால் துச்சிலே புக்கிலாக, ஒரு பயணம் தலைமுறை தலைமுறையாய் முடியாதிருந்தால், அதனை என்னென்பது?

கோப்பிப் பயிர்ச்செய்கைக் காலந்தொட்டுத் தொடங்கிய பயணம் அது. 1867ஆம் ஆண்டு லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் ரெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டபின், அப்பயணிகளே தேயிலைக்கும் உரியவராயினர். 1972, 1975 ஆகிய ஆண்டுகளின் நிலச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992ஆம் ஆண்டில் அவற்றின் முகாமை பிராந்தியக் கம்பெனிகளின் கைக்கு மாறியது. உடைமையாளர் மாறினர், காம்பரா மாறவில்லை. அண்மை ஆண்டுகளிலேயே, ஏழு பேர்ச் காணியில் தனி வீடு என்னும் திட்டம் உருப்பெற்றது. இந்திய உதவியில் முன்னரே ஏற்றுக்கொள்ளப்பட்ட 4,000 வீடுகளுக்கு மேலாக, மேலும் 10,000 வீடுகள் 2017ஆம் ஆண்டு மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமரால் அறிவிக்கப்பட்டன. 2018ஆம் ஆண்டு, மலையகத்திற் புதிய கிராமங்களை அமைப்பதற்கான அதிகாரசபை சட்டத்தால் நிறுவப்பட்டது. புதிய வீடு பெற்றோர் உளர். ஆயினும் பல்லாயிரங் குடும்பங்கள் இன்னும் லயத்திலேயே வாழ்கின்றன. புதிய வீட்டுக்குச் சென்றோருட் சிலர், பழக்கத்தால் அதனையுங் காம்பரா என்றே அழைக்கக் கேட்டிருக்கின்றேன். சொல் மாறுவதற்கு ஒரு தலைமுறை வேண்டும்போலும்.

முடிவுரை

மறுநாள் வகுப்பிற்குச் சென்று, அம்மாணவியின் கொப்பியை வாங்கினேன். யான் எழுதிய "அறை" என்பதனை நானே கோடிட்டு நீக்கி, ஓரத்தில் "காம்பரா என்பதே இங்குப் பொருந்தும்" என்று எழுதி, குறைத்த புள்ளியையுஞ் சேர்த்தேன். பின்னர் கிரேக்கத்திலிருந்து இராகலை வரை அச்சொல் நடந்துவந்த வழியைக் கரும்பலகையில் வரைந்து காட்டினேன். வகுப்பு முழுதும் கேட்டது. இறுதியில் அவள், "அப்ப நல்ல சொல்லுதானா சேர்?" என்றாள். "சொல் நல்லதுதான், பிள்ளை. இடந்தான் சிறிது" என்றேன். அவள் சிரித்தாள், எனக்குச் சிரிக்க இயலவில்லை.

ஆசிரிய நண்பர்காள்! தூய தமிழை நாம் கற்பித்தல் வேண்டும். அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் பிள்ளையின் வாழ்வைக் கூறும் ஒரே சொல்லைக் கோடிட்டுவிட்டு, அதற்கு மாற்றாக அவள் வாழாத வாழ்வின் சொல்லைத் தருதல் தூய்மையன்று. அங்ஙனஞ் செய்யின் பிள்ளை கற்பது தமிழ் அன்று, வெட்கம். வெட்கத்தோடு எழுதுபவன் உண்மையை எழுதான். அச்சொல்லின் அருகே அறை, வீடு, குடி, துச்சில், புக்கில் ஆகிய சொற்களையும் வைத்துக் காட்டுவோம். எது தனக்கு உரியது, எது தனக்கு உரியதாக வேண்டும் என்பதனை அவளே தெரிந்துகொள்வாள்.

மாணவ மணிகாள்! உங்கள் பாட்டிமாரிடம் அமர்ந்து, லயத்தையும் மலையையும் கொழுந்தையும் பற்றி அவர்கள் வழங்கும் சொற்களைக் கேட்டு எழுதிவையுங்கள். லயங்கள் ஒருநாள் இடிக்கப்படும், இடிக்கப்படவும் வேண்டும். அச்சொற்கள் அவற்றோடு இடிந்துபோதல் ஆகாது.

பழைய மாணவ அன்பர்காள்! உங்களிற் பலர் இன்று கொழும்பிலும் கடல் கடந்த நாடுகளிலும் கண்ணாடிக் கெபின்களில் அமர்ந்து பணிபுரிகின்றீர்கள். அது நமக்குப் பெருமை. அக்கெபினில் அமர்ந்திருக்கும்போது, அச்சொல்லும் ஒருவர் மட்டுமே படுக்கக்கூடிய ஓர் உழவன் குடிசையிலிருந்தே வந்தது என்பதை ஒருகால் நினையுங்கள். அந்நினைவோடு, காம்பராவிலிருந்து வந்து படிக்கும் ஒரு பிள்ளைக்குப் புத்தகமோ, புலமைப்பரிசிலோ, இரவிற் படிக்க ஓர் அமைதியான இடமோ உங்களால் அமையுமாயின், இவ்விழாவுக்கு அதனினும் சிறந்த அணி பிறிதில்லை.

அடுத்த விழா மலர் வெளிவரும் நாளில், "எனது வீடு" என்னுந் தலைப்பில் எழுதும் மாணவர் எவரும் எச்சொல்லை எழுதுவதென்று ஆசிரியரை வினவ வேண்டாத நிலை வருவதாக. கல்லூரி நீடு வாழ்க!